ஆனந்தராசாவும் ஐந்து பியூட்டர் பேணிகளும்

ஆனந்தராசா அண்ணனின் பட்டறைக்கும் என்னுடைய படகு உதிரிப்பாகக் கடைக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான் இருக்கிறது. திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் போகிற வீதியில் பதினாறு வருடமாக அவருடைய லேத் சுழலும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் வியாபாரம் செய்கிறேன். சத்தத்தை வைத்தே உள்ளே கடைபடுவது பித்தளையா இரும்பா என்று சொல்லிவிடுவேன். போன வருடம் மாசி மாதத்தில் ஒரு காலை பத்து மணிபோல அந்தச் சத்தம் நின்றது. பிறகு மூன்று நாள் கேட்கவில்லை. அது ஏன் நின்றது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது கிளிவெட்டியில், வயல் செய்கிற குடும்பத்தில். பத்தொன்பது வயதில் பட்டினத்துக்கு வந்து லேத் வேலை பழகினார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எல்லாரையும் போல எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார். நாலு வருடம் முகாம் வாழ்க்கை. திரும்பி வந்து பார்த்தபோது பட்டறைக்குக் கூரை இல்லை. லேத் மட்டும் தூக்கிப் போக முடியாத பாரத்தால் அங்கேயே கிடந்ததாம். அதன் சொந்தக்காரர் கனடாவுக்குப் போகும்போது, “நீயே வைச்சு ஓட்டு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நிலாவெளி முதல் மூதூர் வரை மீன்பிடிப் படகுகளுக்கு சாஃப்டும் புஷ்ஷும் கடைகிறவர் அவர்தான். வேலையில் கறாரான மனிதர். கடைந்து முடித்ததை வேர்ணியரால் அளப்பார். மயிரிழை பிழைத்திருந்தாலும் ஒரு பக்கம் போட்டுவிட்டு முதலில் இருந்து தொடங்குவார். படகுக்காரர் “பரவாயில்லை அண்ணன், தாங்கோ” என்று கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். முப்பது வருடத்தில் ஒருவருடைய பொருளையும் கெடுத்ததில்லை என்பது அவருக்கு ஒரு பெருமை. அதை வாயால் சொல்லமாட்டார், ஆனால் நடையில் தெரியும்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை ஜுமானா வந்தார். நிலாவெளியில் கடற்கரைப் பக்கமாக எட்டு அறைகளோடு ஒரு விடுதி நடத்துகிறவர். கணவர் இல்லாமல் போன பிறகு தனியாகவே அதைத் தூக்கி நிறுத்தியவர். அவருடைய தண்ணீர்ப் பம்புகளுக்கு அண்ணன்தான் வேலை செய்து கொடுப்பார். அன்று அவர் ஓட்டோவில் இருந்து ஒரு மட்டைப்பெட்டியை இறக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். கடதாசிச் சுற்றுகளைப் பிரிக்கப் பிரிக்க உள்ளே இருந்து ஐந்து பேணிகள் வந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு போத்தல் கொள்ளும் அளவு. பெரிய பிடி, மேலே பிணைச்சலில் திறந்து மூடுகிற மூடி. எல்லாம் கறுத்துப்போய், மழைக்காலத்துத் தகரம் மாதிரி இருந்தன. நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை.

“அண்ணன், இது வெள்ளியா?” என்று கேட்டார் ஜுமானா.

அவர் ஒன்றை எடுத்து விரலால் சுண்டினார். “இல்லை. இது ஈயக் கலப்பு. வெள்ளீயம்தான் கூடுதல். செம்பும் கொஞ்சம் இருக்கும்.”

“பியூட்டர் எண்டு சொல்றாங்க. இங்கிலாந்தில முந்தி பியர் குடிச்ச பேணியாம். இருநூற்றைம்பது, முந்நூறு வருசமாம்.”

அந்தப் பேணிகள் வந்த கதையையும் அவரே சொன்னார். ரொனால்ட் என்று ஒரு வெள்ளைக்காரர் பதினொரு வருடமாக ஒவ்வொரு ஆடி மாதமும் மனைவி டோரீனோடு அவருடைய விடுதிக்கு வந்து தங்குவாராம். ரொனால்டின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். இந்தப் பேணிகளை ஊரில் இருந்து கொண்டுவந்து, ஒன்பது வருடம் இங்கே வைத்திருந்து, திரும்பக் கொண்டுபோனவர். ரொனால்ட் அதற்கு முந்தின வருடம் இறந்துவிட்டார். ‘இவை உங்கள் வீட்டில் இருப்பதையே அவர் விரும்புவார்’ என்று எழுதி டோரீன் ஐந்தையும் ஜுமானாவுக்கு அனுப்பியிருக்கிறார். ஆடியில் தானும் வருகிறாராம்.

“குடிச்ச பேணியை வீட்டில வைக்கிறதா எண்டு என்ட தம்பி கேட்டான்,” என்றார் ஜுமானா. “குடிச்சது ஆக்கள்தானே, பேணி என்ன பிழை செஞ்சது எண்டு சொல்லிட்டன். சாப்பாட்டு அறையில, அழகுக்கு வைக்கப் போறன். ஒண்டிட பிணைச்சல் ஆடுது. அதச் சரிப்பண்ணி, எல்லாத்தையும் பளபளண்டு மினுக்கித் தாங்க.”

“ரெண்டு நாள் விடுங்கோ,” என்றார் அண்ணன்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் அந்தப் பிணைச்சலில் கை வைத்தார். ஊசியைத் தட்டி எடுத்து மூடியைக் கழற்றிப் பத்திரமாக ஒரு பக்கம் வைத்தார். தேய்ந்து அகன்றிருந்த துளையை நிரப்பிவிட்டுத் திரும்பத் துளைக்கலாம் என்பது எண்ணம். பித்தளைக்குச் செய்கிற மாதிரியே காஸ் சுவாலையைப் பிடித்தார். பியூட்டர் உருகுவதற்குப் பித்தளைக்கு வேண்டிய சூட்டில் கால்வாசியே போதும். அது அவருக்குத் தெரியாத விஷயமும் இல்லை, முதல் நாள்தானே வெள்ளீயம் என்று தன் வாயால் சொன்னவர். கை பழக்கத்தில் போய்விட்டது. பிணைச்சல் முதலில் கொஞ்சம் மினுங்கியதாம். அடுத்த நொடி பிடியின் மேற்பாதி தண்ணீராக ஓடி மேசையில் சொட்டியது. மீதிப் பிடி வளைந்து தொங்கியது. பேணியின் உடம்பிலும், பிடி சேர்ந்திருந்த இடத்தில், கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை.

நான் போய்ப் பார்த்தபோது அவர் வாங்கில் குந்தியிருந்தார். சுவாலை அணைக்கப்பட்டிருந்தது.

“முந்நூறு வருசம் இருந்ததை நான் மூண்டு நொடியில அழிச்சுப்போட்டன்,” என்றார்.

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். ஒரு பேணிதானே, அதுகூட நெளிந்து கறுத்த பேணி என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில் நான் கடைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு, உருகிய பேணியை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு, நிலாவெளி பஸ் ஏறினார். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், அல்லது ஜுமானா வரும்வரை காத்திருந்திருக்கலாம். பிறகு ஒருமுறை அதைக் கேட்டேன். “முகம் பார்த்துச் சொல்லாட்டி எனக்கு நித்திரை வராது” என்றார்.

ஜுமானா துவாயைப் பிரித்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாராம்.

“உங்கள நம்பித்தானே அண்ணன் தந்தன்.”

“ஓம். பிழை என்னிலதான்.”

“திரும்பச் செய்ய ஏலுமா?”

“ஏலும் எண்டு பொய் சொல்ல மாட்டன். எனக்குத் தெரியாது. ஆனால் விட்டால் பார்ப்பன்.”

ஜுமானா கோபத்தை மறைக்கிறவர் இல்லை. மற்ற நாலிலும் தான் சொல்லாமல் நெருப்புப் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றே டோரீனுக்கும் படத்தோடு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். மறுமொழி அடுத்த நாள் வந்தது. ரொனால்ட் அந்தப் பேணியை எத்தனையோ தடவை படியில் உருட்டியிருக்கிறார், அந்த மனிதர் முயற்சி செய்ய விரும்பினால் செய்யட்டும் என்று டோரீன் எழுதியிருந்தார்.

மூன்று நாள் லேத் ஓடாமல் இருந்தது அப்போதுதான். அண்ணன் மற்ற நாலு பேணிகளையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார். சாஃப்ட் வாங்க வந்தவர்கள் நான் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அந்த மூன்று நாளில்தான் நானும் பேணி பார்க்கப் பழகினேன். அவர் தகரச் சுவரில் தட்டி, “இஞ்ச வாரும், ஒருக்கா இதைப் பாரும்” என்று கூப்பிடுவார்.

முதலில் அவர் காட்டியது உருவத்தை. இரண்டு பேணிகள் நேராக நிற்கும் வகை. அடி அகன்று, மேலே போகப் போக மிகக் கொஞ்சமாக ஒடுங்கும். நடுவுக்குக் கீழே சுற்றிவர மெல்லிய ஒரு வரம்பு. “இந்த வரம்பு இல்லாட்டி இது வெறும் குழாய். இதை ரெண்டு விரல்கடை மேல போட்டிருந்தாலும் பேணி கட்டையாத் தெரியும். சரியான இடத்தில போட்டிருக்கிறான் மனுசன்,” என்றார். வேறு இரண்டு, உருகினதும் அதன் சோடியும், வயிறு புடைத்து, கழுத்தில் சிறுத்து, வாயில் மெதுவாக விரிந்தவை. பூ மொட்டு விரியத் தொடங்கிய நேரத்தின் வடிவம். கையில் எடுத்தால் பாரம் முழுக்க அடியில் இருப்பதால் பேணி தானாகவே நிமிர்ந்து நிற்கும். எங்களுடைய மூக்குப்பேணியை, மூக்கு வைத்த பித்தளைக் குவளையை, பிடிக்கும்போது வருகிற அதே நிறைவு. வேறு தேசத்தில், வேறு பானத்துக்காகச் செய்தவர்களும் மனிதக் கையை அதே போலத்தான் யோசித்திருக்கிறார்கள்.

ஐந்தாவதில் மட்டும் சித்திரம் இருந்தது. ஒரு பறவை, இரண்டு பக்கமும் பூங்கொடி. கோடுகள் எல்லாம் நெளிநெளியாக, சின்னச் சின்னப் பல் பல்லாக இருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு அண்ணன் சிரித்தார். தட்டை உளியை இந்த மூலை, அந்த மூலை என்று மாறி மாறி ஆட்டிக்கொண்டே நகர்த்தினால் வருகிற கோடு அது. பறவையின் ஒரு கால் மற்றதைவிட நீளம். “அவசரத்தில வெட்டியிருக்கிறான். ஆனால் கழுத்தைப் பாரும், என்ன திமிர்!”

மூடிகள் சின்னக் கோபுரம் போல இரண்டு படியாக உயர்ந்திருந்தன. மூடியின் பின்னால், பெருவிரல் வைத்து அழுத்துவதற்கு ஒரு துண்டு. ஒன்றில் அது சிப்பி வடிவம், இன்னொன்றில் நடுவில் துளை விட்ட கதிரை முதுகு மாதிரி. பிடியைப் பிடித்தால் பெருவிரல் தேடாமலே அங்கே போய் உட்காருகிறது. அழுத்தினால் மூடி திறக்கிறது, விட்டால் ‘டொக்’ என்று ஒரு மெத்தென்ற சத்தத்தோடு மூடுகிறது. ஈ விழாமல் குடிப்பதற்கு ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். அந்தச் சின்னத் தேவைக்கு இவ்வளவு அழகு செய்திருக்கிறார்களே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பேணியைக் கவிழ்த்து அடியைக் காட்டியபோது அவருடைய குரல் மாறியது. அடியில் வட்டத்துக்குள் வட்டமாக மெல்லிய கோடுகள்.

“இது லேத்துக் கோடு. இவனும் என்னைப்போல ஒரு கடைசல்காரன்தான். கரண்ட் இல்லை, காலாலயோ ஆள் வைச்சோ சுத்தியிருப்பான். உள்ளுக்கு அளந்து பார்த்தன். வாயில தடிப்பு, வயிற்றில மெல்லிசு, அடியில திரும்பத் தடிப்பு. எங்க அடிபடுமோ அங்க மட்டும் உலோகத்தை விட்டு, மிச்சத்தை எடுத்திருக்கிறான். வேர்ணியர் இல்லாமல்!”

பிடியை உடம்போடு எப்படிச் சேர்த்தார்கள் என்பதுதான் அவருக்குப் பிடிபடாமல் இருந்தது. ஒட்டிய அடையாளமே இல்லை. மூன்றாம் நாள் பின்னேரம் சோடிப் பேணியின் உள்ளே விரலை விட்டுத் தடவியபோது, பிடி சேர்ந்த இடத்துக்கு நேர் பின்னால் சொரசொரப்பாக ஏதோ பட்டது. டோர்ச் அடித்துப் பார்த்தார். பெருவிரல் நகம் அளவுக்குத் துணி நெசவின் அச்சு. நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெளிவாகத் தெரிந்தன.

என்னைக் கூப்பிட்டு டோர்ச்சைக் கையில் தந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “உள்ளுக்கு ஒரு துணிப் பையில மண்ணை நிரப்பி அழுத்திப் பிடிச்சிருக்கிறாங்கள். வெளியில அச்சைக் கட்டி, பிடியை உடம்பிலயே வார்த்திருக்கிறாங்கள். சூடான ஈயம் உடம்பை இளக்கிக்கொண்டு சேரும், உள்ளுக்குத் துணி தாங்கிக்கொள்ளும். இது அந்தத் துணிட நெசவு. இந்தா, முந்நூறு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் பிடிச்ச துணி.”

அவருடைய கண் கலங்கியிருந்தது. உருகிய பேணிக்கு வழி இருக்கிறது என்ற சந்தோசமும் அதில் இருந்திருக்கும்.

வழி தெரிந்தாலும் வேலை இலகுவாக முடியவில்லை. சோடிப் பேணியின் பிடிக்கு பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் அச்சு எடுத்தார். உருகிய ஈயத்தோடு நல்ல வெள்ளீயக் கட்டி சேர்த்து உருக்கினார். முதல் தடவை அச்சு சரியாகக் காயாததால் பிடி முழுக்கக் குமிழி. இரண்டாம் தடவை அச்சுக் குளிர்ந்திருந்தது, ஈயம் பாதி வழியில் உறைந்து நின்றது. மூன்றாம் தடவை கூடச் சூடாக்கி, ஓட்டையின் விளிம்பு இன்னும் உருகத் தொடங்கியது. அவர் பேணியை அப்படியே ஈரச் சாக்கில் போட்டுவிட்டு வெளியே போய் வீதியில் நின்றார். எங்கள் பட்டினத்து வீதிகளில் திரிகிற மான்களில் ஒன்று அங்கே குப்பைத்தொட்டியில் வாழைத்தோல் தேடிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு கால் மணித்தியாலம் நின்றுவிட்டு உள்ளே வந்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தப் பேணியைத் தொடவில்லை. பழைய பித்தளைக் குழாய்களில் ஓட்டை போட்டு, அதில் வெறும் பிடிகளாக வார்த்துப் பழகினார். பத்தொன்பது பிடி. நான் எண்ணினேன்.

உள்ளே வைக்கும் பைக்கு மனைவி சிவசோதி ஒரு பழைய பருத்திச் சேலையில் துண்டு வெட்டிக் கொடுத்தார். “சந்தோசமாத் தாறன், இந்தப் பேணி முடிஞ்சால்தானே மனுசன் வீட்டில கதைக்கும்,” என்று என்னிடம் சொன்னார்.

ஆனி மாதம் ஒரு காலையில் நாலாவது வார்ப்பு நடந்தது. மண் நிரப்பிய பையைப் பேணிக்குள் அழுத்திப் பிடித்தது சிவசோதிதான். அண்ணன் கரண்டியைச் சரித்தார். மூச்சு விடாமல் இருபது வரை எண்ணினோம். அச்சைப் பிரித்தபோது பிடி, ஓட்டையையும் அடைத்துக்கொண்டு, வளைவு கெடாமல் முழுதாக இருந்தது. பையை வெளியே எடுத்துவிட்டு சிவசோதி உள்ளே பார்த்தார். “அட, என்ட சீலை!” என்றார். சேலையின் நெசவு உலோகத்தில் பதிந்திருந்தது.

அண்ணன் பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “வடிவா வந்திருக்கு” என்றார். ஒரு பொருளை அவர் வடிவு, அழகு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அரத்தால் சீவி, மூடி பூட்டி முடிக்க இன்னும் ஒரு கிழமை எடுத்தது. மினுக்குகிற விஷயத்தில் ஜுமானாவோடு ஒரு வாக்குவாதமும் நடந்தது. அவருக்குக் கண்ணாடி போல மின்ன வேண்டும். இவர் ஒரு பேணியை மட்டும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் தேய்த்து யன்னலடியில் வைத்தார். கறுப்பு போய், மழைக்கு முந்தின துறைமுகத் தண்ணீர் மாதிரி ஒரு சாம்பல் நிறம் வந்திருந்தது. வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்காமல் உள்ளே இறங்கி நின்றது.

“இதுக்கு மேல மினுக்கினால் சந்தையில விக்கிற எவர்சில்வர் மாதிரிப் போயிடும்,” என்றார்.

ஜுமானா பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, இப்பிடியே இரிக்கட்டும்” என்றார். “ஒரு கேள்வி. இதில சர்பத் ஊத்திக் குடுத்தால் என்ன?”

“வேண்டாம். பழைய ஈயம், காரீயமும் கலந்திருக்கும், அது நஞ்சு. பூ வையுங்கோ.”

ஆடியில் டோரீன் வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு, கையில் ஊன்றுகோல். வந்த இரண்டாம் நாளே ஜுமானாவைக் கூட்டிக்கொண்டு பேணியோடு பட்டறைக்கு வந்துவிட்டார். அண்ணன் கதிரையைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. பேணியைக் கையில் எடுத்து, பெருவிரலால் மூடியைத் திறந்து திறந்து மூடினார். ஜுமானா மொழிபெயர்த்துக்கொண்டு நின்றார்.

“இதிட மூடி ஒருநாளும் ஒழுங்கா மூடினதில்லையாம். அவங்கட புருசன் ஒவ்வொரு முறையும் ஏசுவாராம். இப்பதான் மூடுதாம்.”

அண்ணன் டோர்ச்சை எடுத்தார். பேணியின் உள்ளே நெசவு அச்சைக் காட்டினார். சோடிப் பேணியின் அச்சைப் பற்றியும், சேலையைப் பற்றியும் ஜுமானா விளக்கினார். டோரீன் விரலை உள்ளே விட்டுத் தடவினார், பிறகு வாய் விட்டுச் சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். அந்தச் சேலைக்காரியைப் பார்க்க வேண்டும் என்றார். சிவசோதியை வீட்டில் இருந்து கூட்டி வந்தோம். இரண்டு பெண்களும் மொழி இல்லாமலே கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

போகும்போது டோரீன் ஒன்று கேட்டார். அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் பேணியின் அடியில் தங்கள் முத்திரையைக் குத்துவார்கள், இந்தப் பிடி செய்தவரும் குத்த வேண்டும் என்றார். அண்ணன் மறுத்தார். “நான் கெடுத்ததைத் திருத்தினனான். அதுக்கு என்னெண்டு பேர் போடுறது?”

ஜுமானா அதை மொழிபெயர்க்கவில்லை. “போடுங்க அண்ணன்,” என்று மட்டும் சொன்னார். “கெடுத்தத வந்து சொன்ன ஆள் நீங்கதானே.”

அவரிடம் இருந்தது ஆங்கில எழுத்துக் குத்தூசிகள்தான். இரண்டு நாள் இருந்து, ஓர் இரும்புத் துண்டில் ‘ஆ’ என்ற எழுத்தை இடம் வலமாக மாற்றி வெட்டி, அதைப் பிடியின் உட்பக்கத்தில், விரல் போகிற இடத்தில் குத்தினார். கண்ணுக்குத் தெரியாது, பிடித்தவருக்குத் தெரியும்.

ஐந்து பேணிகளும் இப்போது நிலாவெளி விடுதியின் சாப்பாட்டு அறையில், கடலைப் பார்த்த யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் இருக்கின்றன. பறவை வெட்டிய பேணியில் ஜுமானா நித்தியகல்யாணிப் பூ வைக்கிறார். அண்ணன் பம்பு பார்க்கப் போகும் நாட்களில் உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

இந்த மாதம் அவர் வேறு ஒன்று தொடங்கியிருக்கிறார். தூய வெள்ளீயத்தில், குடிப்பதற்கென்றே, தன் சொந்த அளவில் ஒரு பேணி. பின்னேரங்களில் கடைகிறார். சத்தம் எனக்குக் கேட்கும், பித்தளையும் இல்லை இரும்பும் இல்லை, கத்தரிக்கோல் துணியில் போகிற மாதிரி மெதுவான ஒரு சத்தம். நேற்று தகரத்தில் தட்டிக் கூப்பிட்டார். மூன்றாம் தடவையாகக் கடைந்த பேணி மேசையில் நின்றது. எனக்கு நன்றாகவே இருந்தது.

“வயிறு சரி,” என்றார் தலையைச் சரித்துப் பார்த்தபடி. “அந்த வரம்பு எங்க போடுறதெண்டுதான் இன்னும் பிடிபடேல்லை.”

பென்சிலால் ஒரு கோடு போட்டார். தள்ளி நின்று பார்த்தார். அழித்துவிட்டு, ஒரு நெல்மணி அளவு கீழே திரும்பப் போட்டார்.